சவுனாவில் சுடாத மோதிரம்

வாயில் மோதிரம் இருக்கும்போது வெண்டல் துவோமெலா பேச மாட்டார். இடது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் அதை ஒதுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாராவது குசலம் விசாரித்தால் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். பொறு, நாக்கு வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு உள்ளங்கையில் துப்பி, சட்டையில் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"பித்தளை. கதவுக் குமிழ் மாதிரி இருக்கு."

கதவுக் குமிழின் ருசி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முழுப் பட்டியலும் வரும். "தங்கத்துக்கு ருசியே கிடையாதுப்பா. வெள்ளி ஆறிப்போன பால் மாதிரி. செம்புன்னா, மூக்குல அடிபட்டா தொண்டையில ஒண்ணு இறங்குமே, அது. நிக்கல்னா பல்லு கூசும்."

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஹெல்மி பாயிண்ட் ஊரில் பனி தள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற அன்று அவர் மனைவி ஆர்லீன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொடுத்தார். மனுஷர் வீட்டை விட்டு வெளியே போவார் என்ற நம்பிக்கைதான். வெண்டலும் போனார். ஆனால் போனவர் சும்மா திரும்பி வருவதில்லை. இந்தப் பக்கத்து மண் பழைய செம்புச் சுரங்கத்து மண். எங்கே வைத்தாலும் டிடெக்டர் அலறும். பீர் மூடி, ஆணி, செம்புத் துண்டு என்று ஒரு வாளி சேரும்போது, நடுவில் ஒரு கம்மலோ மோதிரமோ அகப்படும். அகப்பட்டதும் ஆர்லீனுக்குத் தலைவலி தொடங்கும்.

ஏனென்றால் நாக்கு முதல் கட்டம்தான். அடுத்து குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து காந்தத்தைப் பிடுங்குவார். அது பிடித்துக்கொண்டிருந்த பேரப் பிள்ளைகளின் போட்டோக்கள் தரையில் சரியும். அப்புறம் ஆர்லீன் குடித்துக்கொண்டிருக்கும் எலுமிச்சைச் சாற்றிலிருந்து ஐஸ் கட்டி எடுப்பார். அதன் மேல் மோதிரத்தை வைத்து, ஐஸ் எவ்வளவு சுருக்காக உருகுகிறது என்று பார்ப்பார். வெள்ளி சீக்கிரம் உருக்கும் என்பது அவர் கணக்கு. பார்த்துவிட்டு ஐஸைத் திரும்ப டம்ளரிலேயே போட்டுவிடுவார். உரைகல் என்று அவரிடம் தனியாக ஒன்று இல்லை. கழிப்பறை ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் தூக்கித் திருப்பி, மழமழப்பில்லாத அடிப்பக்கத்தில் நகையை ஒரு இழுப்பு இழுத்துக் கோடு என்ன நிறம் என்று பார்ப்பார். அந்த வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் அந்த மூடியை இரகசியமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம்.

கடைசிக் கட்டம் சவுனா, அதாவது கொல்லையில் இருக்கும் நீராவிக் குளியல் அறை. சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டிலும்தான் சவுனா எரியும். எல்லோரும் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார்கள். வெண்டல் மாட்டிக்கொண்டு போவார். அந்த வாரம் கிடைத்ததை எல்லாம் விரலுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு மேல் பலகையில் உட்கார்ந்து, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவார். எது முதலில் சுடுகிறதோ அது வெள்ளி. அடுத்தது தங்கம். கடைசி வரை சுடாதது குப்பை. எனக்குப் பக்கத்து வீடு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். மரக்கதவுக்குப் பின்னால் இருந்து "ஆவ்! வெள்ளி!" என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து "அய்யோ! தங்கம்!" என்று இன்னொரு சத்தம் வரும். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு முறை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

இத்தனை சோதனைக்குப் பிறகும் அவர் சொல்வது பெரும்பாலும் தப்பு. யாரும் உரிமை கேட்டு வராத ஒரு வளையலை, வெள்ளி என்று அடித்துச் சொல்லி ஆர்லீனுக்குத் திருமண நாளில் போட்டுவிட்டார். அந்த மணிக்கட்டு கிறிஸ்துமஸ் வரை பச்சையாக இருந்தது. தகரம் என்று தூண்டில் கயிற்றில் கட்டி ஏரியில் இறக்கிய பொத்தான் போதகருடைய தங்கப் பொத்தான். அதை ஒரு மீன் கொண்டுபோய்விட்டது. வெண்டல் அசைய மாட்டார். "என் நாக்கு பொய் சொல்லாது. அந்தக் காலத்துத் தங்கத்துல என்னத்தையெல்லாம் கலந்தானோ!"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிடைத்ததை அவர் வைத்துக்கொள்ள மாட்டார். உரியவர் யார் என்று ஊர் முழுக்கத் துளைத்தெடுப்பார். மூன்று மைல் நடந்து போய் ஒற்றைக் கம்மலைக் கொடுத்துவிட்டு வருவார். அந்த நல்ல குணத்தால் வந்ததுதான் போன செப்டம்பர் மாதத்து வினை.

கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் ஊருக்குத் திரும்பியிருந்தது. படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்து மணலில் வெண்டலுக்கு ஒரு மோதிரம் அகப்பட்டது. வெள்ளை நிறம், கல் இல்லை, கொஞ்சம் அகலமான பட்டை. உள்பக்கம் நான்கு ஆங்கில எழுத்துகள். பி, எல், ஏ, டீ. ஆர்லீனின் பூதக்கண்ணாடியை வைத்து அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சமையலறையில் சண்டை பிடித்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கும் அதில் பங்கு கிடைத்தது.

"அது பிளாட்டினம், வெண்டல். அதுலயே எழுதியிருக்கு."

"பிளாட்னுதான் எழுதியிருக்கு. மிச்சம் எங்க?"

"சுருக்கி எழுதுவாங்க."

"அத்தனை காசு குடுத்து வாங்குறவன், பேரை முழுசா எழுதுடான்னு கேக்க மாட்டானா?"

"கனமா இருக்கு பாரு, தூக்கிப் பாரு!"

"உன் சூப் பாத்திரமும்தான் கனமா இருக்கு. அது பிளாட்டினமா?"

சோதனைகள் நடந்தன. நாக்கில் ருசி இல்லை. தங்கத்துக்கும் ருசி இல்லைதான், ஆனால் தங்கம் மஞ்சளாக இருக்கும், ஆகவே தங்கம் இல்லை. காந்தம் இழுக்கவில்லை. ஐஸ் சாவகாசமாக உருகியது, ஆகவே வெள்ளி இல்லை. ஃப்ளஷ் டேங்க் மூடியில் சாம்பல் கோடு. சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலியோரம் காத்திருந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஊற்றினார். 'ஆவ்' வரவே இல்லை. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு, வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார்.

"எவர்சில்வர்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

எவர்சில்வர் என்று ஆகிவிட்டதால் அந்த நான்கு எழுத்து உலோகத்தின் பெயராக இருக்க முடியாது. அப்படியென்றால் ஆளின் பெயர். ஊரில் அந்தப் பெயருக்கு ஒரே குடும்பம்தான் உண்டு. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் டுவேன் பிளாட்.

"அவங்க பேருக்கு ரெண்டு டீ" என்றார் ஆர்லீன்.

"ஒண்ணு தேஞ்சிருக்கும். அலை அடிச்சா ஓரத்து எழுத்துதானே முதல்ல போகும்?"

டுவேன் தன் கல்யாண மோதிரத்தை ஏரியில் தொலைத்த கதை ஊருக்கே மனப்பாடம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தபோது, ஒரு பெரிய மீன் தூண்டிலோடு துளைக்குள் திரும்பிப் பாய்ந்ததாம். இவர் கையை விட்டுப் பிடித்தாராம். மீன் போயிற்று, மோதிரமும் போயிற்று. ஒவ்வொரு வருஷமும் மாதா கோயில் மீன் விருந்தில் இந்தக் கதை சொல்லப்படும். மீன் மட்டும் வருஷா வருஷம் வளர்ந்து, இப்போது ஒரு சிறுவன் அளவுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் எலிப்பொறி வாங்க நான் அந்தக் கடையில் இருந்தேன். வெண்டல் கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"டுவேன், கையை நீட்டு."

டுவேன் நீட்டினார். மோதிரத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியது. வாயைத் திறந்தார். அதற்குள் பெயின்ட் அடுக்கின் பின்னால் இருந்து அவர் மனைவி கானி ஓடி வந்தார்.

"அய்யோ! ஏரி திருப்பிக் குடுத்திருச்சா!"

"உள்ள உங்க பேரே இருக்கு" என்றார் வெண்டல் பெருமையாக.

"கடைக்காரன் பேர் போட்டுத் தரேன்னு சொன்னான். நான்தான் சரியாப் பாக்கல." கானி அழுதுகொண்டே கணவரின் விரலைப் பிடித்தார். மோதிரம் கணுவில் தடுத்தது. சிமென்ட் மூட்டையை ஒற்றை ஆளாய் இறக்குகிற பெண்மணி அவர். ஒரே அழுத்து. டுவேன் "ஹக்" என்றார். மோதிரம் போய் உட்கார்ந்துவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். நானும் எலிப்பொறியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். கை தட்டாமல் நின்றவர் டுவேன் மட்டும்தான். விரல் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்கிய எலிப்பொறி வேலை செய்யாததால், அதை மாற்றிக்கொள்ள அந்த வாரக் கடைசியில் மறுபடியும் போனேன். அப்போது ஒரு பெண் உள்ளே வந்தார். மினியாபொலிஸிலிருந்து விடிகாலையில் கிளம்பி வண்டி ஓட்டி வந்திருந்தார். பெயர் ஜோஸ்லின்.

"மணல் சலிக்கிற மாதிரி சல்லடை ஏதாவது இருக்குங்களா?"

"எவ்வளவு மணல்?" என்றார் டுவேன்.

"பீச் முழுக்க" என்றார் அந்தப் பெண். "போன மாசம் இங்க என் மோதிரத்தை விட்டுட்டேன். வெயிலுக்குக் க்ரீம் தடவுறப்போ வழுக்கிருச்சு. எங்கப்பாவோடது. பெருசா இருக்கும்னு கட்டைவிரல்ல போட்டிருந்தேன். பிளாட்டினம். உள்ள சுருக்கி நாலு எழுத்து போட்டிருக்கும்."

டுவேனின் இடது கை அவரைக் கேட்காமலே ஆணி டப்பாவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒற்றைக் கையால் சல்லடையை எடுத்தார். ஒற்றைக் கையால் பையில் போட்டார். "எவ்வளவு ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், போயிட்டு வாங்க" என்றார். டுவேன் இலவசமாக ஒரு திருகாணி கொடுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் போனதும் இரண்டு பேரும் ஜன்னல் வழியே பார்த்தோம். கரையில் ஒரு மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். முதல் சல்லடை மணலை அள்ளினார். சலித்தார். பார்த்தார். கொட்டினார். அடுத்ததை அள்ளினார். கரை அங்கிருந்து அரை மைல் நீளம்.

டுவேன் பெருமூச்சு விட்டார். "எனக்கு இந்தக் கையை வெட்டிப் போட்டுடலாம் போல இருக்கு" என்றார். பிறகு ஆணிகளை உதறிவிட்டு வெளியே நடந்தார். நேரே கரைக்குப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. வெண்டல் வீட்டுக்குப் போனார். எலிப்பொறியோடு நானும் பின்னால் போனேன்.

"யோவ் வெண்டல். இது என் மோதிரம் இல்ல. கீழ ஒரு பொண்ணு மண்ணைச் சலிச்சிக்கிட்டு இருக்கு. அதோடதாம். பிளாட்டினமாம்."

வெண்டலின் முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பெண்ணுக்காகவோ டுவேனுக்காகவோ அல்ல.

"சவுனாவுல சுடவே இல்லையேய்யா!"

"பிளாட்டினம் அவ்வளவு சீக்கிரம் சுடாதோ என்னமோ" என்றார் அடுப்படியிலிருந்து ஆர்லீன். மாவைப் பிசையும் சத்தத்தில் அவர் சந்தோஷம் கேட்டது.

"சரி, கழட்டிக் குடு. நானே போய்ச் சொல்றேன். தப்பான ஆள்கிட்ட குடுத்தது நான்தானே" என்றார் வெண்டல்.

"கழண்டா நான் ஏன்யா இங்க வரேன்?"

விரல் வீங்கி, மோதிரத்தின் இரண்டு பக்கமும் சதை பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆர்லீன் வெண்ணெய் தடவினார். வரவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டார். வரவில்லை. வெண்டல் சங்கிலி எண்ணெய் ஊற்றினார். இப்போது விரல் வழுக்கியது, யாராலும் பிடிக்க முடியவில்லை. நான்கு பேரும் அப்படியே கரைக்குப் போனோம். வாசனை பிடித்துக்கொண்டு இரண்டு நாய்களும் கூட வந்தன. வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பெண் முன்னால் நின்றார்.

"அம்மா, உங்க மோதிரம் கிடைச்சிருச்சு. ஒரே ஒரு விஷயம், அதுக்குள்ள ஒரு ஆள் இருக்கான்."

ஜோஸ்லின் சல்லடையைக் கீழே போட்டார். டுவேனின் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். மோதிரத்தைத் தடவியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அதற்குள் செய்தி எட்டி, கடையிலிருந்து கானியும் வந்து சேர்ந்தார். கையில் பெரிய கம்பி வெட்டும் கத்திரி.

"வேண்டாங்க!" என்று கத்தினார் ஜோஸ்லின். "மோதிரத்தை வெட்டாதீங்க!"

"மோதிரத்தைன்னு யார் சொன்னா?" என்றார் கானி.

வழி சொன்னவர் ஆர்லீன்தான். "ஏரி எதுக்கு இருக்கு? குளிர்ந்தா விரல் சுருங்கும்." சுப்பீரியர் ஏரியில் இறங்கினால் ஜூலையிலேயே பல் கிட்டிப்போகும். டுவேனைப் படகுத்துறைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, கையைத் தோள் வரை தண்ணீருக்குள் இறக்கினார்கள். கானி முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சுருங்குதா?" என்றார் வெண்டல்.

"வி-விரல் இருக்கான்னே தெ-தெரியலய்யா."

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார் கானி.

கடைசியில் வெண்டல் பக்கத்தில் படுத்து, தண்ணீருக்குள் கையை விட்டு மோதிரத்தைத் திருகினார். அசைந்தது. இன்னொரு திருகு. "வருது, வருது" என்றார். வந்தது. வெண்ணெய், சோப்பு, சங்கிலி எண்ணெய் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தன போலிருக்கிறது. அவர் கையிலும் நிற்காமல் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது.

அந்தப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

வெண்டல் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார். டிடெக்டரோடும், காதுகளை மூடும் பெரிய ஹெட்போனோடும் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அடியில் முழுக்கச் சுரங்கக் கழிவு. டிடெக்டர் எல்லாப் பக்கமும் கத்தியிருக்கும். அவர் ஓட்டை போட்ட கரண்டியால் தோண்டித் தோண்டி எடுத்தார். பீர் மூடி. செம்புத் துண்டு. இன்னொரு பீர் மூடி. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"வெளியில வா வெண்டல், செத்துடுவே!" என்றார் ஆர்லீன். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

"நான் குடுத்த மோதிரம். நான்தான் எடுக்கணும்."

அடுத்த கரண்டியில் மணல் வடிந்தபோது நடுவில் அது இருந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது, அவ்வளவுதான். வெண்டல் அதை ஜோஸ்லினின் கட்டைவிரலில் தானே மாட்டிவிட்டார். அவர் வெண்டலைக் கட்டிக்கொண்டு நனைந்தார்.

"இதை என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டார்.

"எவர்சில்வர்" என்றார் வெண்டல். கொஞ்சம் யோசித்து, "இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்றார்.

ஜோஸ்லின் சிரித்துக்கொண்டே காருக்குப் போனார். கார் கண்ணுக்கு மறைந்ததும் கானி கணவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ உன்னோடது எங்க?"

டுவேனுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தெம்பு இல்லை. "ஏ-ஏரியில விழல. ஐஸ்ல துளை போடுற மிஷின் ஒண்ணு வச்சிருந்தான், என்கூட மீன் பிடிப்பானே அந்த ரூடி. அவன்கிட்ட மோ-மோதிரத்தைக் குடுத்துட்டு வாங்கினேன்."

"அந்த மிஷினா? அது ஓடவே ஓடாதே!"

"ஓடல."

"அப்போ அந்த மீன்?"

டுவேன் தலையைக் குனிந்துகொண்டார். கானி தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அவருடைய நீலம் பாரித்த கையைச் சுற்றி, தோல் உரிந்துவிடும் போலத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"நீங்க எல்லாம் வருஷா வருஷம் கேட்டீங்களே அந்தக் கதையை. நீங்களே சொல்லுங்க, இவனை நான் என்ன பண்ணட்டும்? வெண்டல், நீ சொல்லு முதல்ல."

ஆர்லீன் மேகத்தைப் பார்த்தார். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். வெண்டல் கழுத்தில் கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் அழுத்தமாக மாட்டிக்கொண்டார். பிறகு, ஏதோ சத்தம் கேட்டுவிட்டதுபோல் தலையைச் சாய்த்தபடி, நடுங்கிக்கொண்டே மறுபடியும் ஏரிக்குள் நடந்தார். டிடெக்டர் படகுத்துறைப் பலகை மேலேயே கிடந்தது. ஹெட்போனின் வயர் அவர் பின்னால் தண்ணீரில் மிதந்துகொண்டு போயிற்று.